வார்சாவில் குதிக்கக் காத்திருந்த தளபதி

சென்ற பருவத்தில் எங்கள் பல்கலைக்கழக விவாதக் குழுவில் எனக்கு விழுந்த தலைப்பு இது: நவீனப் போரில் வான்குடைப் படைகளுக்கு இனியும் வேலை இருக்கிறதா? இல்லை என்று பேசும் அணியில் என்னைப் போட்டார்கள். உள்ளுக்குள் மகிழ்ந்தேன். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகளும் டிரோன்களும் நிறைந்த இந்தக் காலத்தில், மெதுவாக நேர்க்கோட்டில் பறக்கும் விமானத்திலிருந்து மனிதர்கள் வரிசையாகக் குதிப்பதை யார் நியாயப்படுத்த முடியும்?

வீட்டில் கதை வேறு. என் பெரியம்மா மகன் தேசிய சேவையில் கமாண்டோ பிரிவில் இருந்தவன். சிவப்புத் தொப்பியும் சீருடையில் குத்திய சிறகுச் சின்னமுமாக அண்ணன் முதன்முதலில் வந்து நின்றபோது பாட்டிக்குப் பெருமை பிடிபடவில்லை. நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் விமானத்திலிருந்து எதற்காகக் குதிக்க வேண்டும் என்று மட்டும் அவர் இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறார். அண்ணன் சிரிப்பானே தவிர, பதில் சொன்னதில்லை.

விவாதத்துக்குத் தகவல் தேடி நூலகத்தில் உட்கார்ந்தபோதுதான் ஸ்டானிஸ்வாவ் சோசபோவ்ஸ்கி என்ற பெயர் கண்ணில் பட்டது. போலந்தின் வான்குடைப் படையை உருவாக்கிய மேஜர் ஜெனரல். 1977-இல் வெளிவந்த ஹாலிவுட் படம் ஒன்றில் ஜீன் ஹேக்மன் இவராக நடித்திருக்கிறார். படத்தைப் பார்த்தவர்களுக்குத் திட்டக் கூட்டங்களில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும் ஒரு முன்கோபக்காரராகவே இவர் நினைவில் இருப்பார். நான் தேடியது என் அணிக்குச் சாதகமான இரண்டு புள்ளிவிவரங்கள். இவர் வாழ்க்கையில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன்.

சோசபோவ்ஸ்கி 1892-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்டானிஸ்வாவூவ் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. இன்று உக்ரேனில் இருக்கும் இவானோ-பிராங்கிவ்ஸ்க் நகரம் அதுதான். தந்தை ரயில்வே ஊழியர். அவர் சீக்கிரமே இறந்துவிட, தாயையும் உடன்பிறந்தவர்களையும் காப்பாற்றும் பொறுப்பு பள்ளிக்கூடப் பையன் தலையில் விழுந்தது. மற்ற மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் சம்பாதித்தார். டியூஷன் கொடுத்துக் கல்லூரிச் செலவைச் சமாளிக்கும் நம் நண்பர்கள் சிலரைப் போலத்தான். கிராக்கோவ் நகரில் பொருளியல் படிக்கச் சென்றவரைப் பண நெருக்கடி ஊருக்கே திருப்பி அனுப்பியது.

அப்போது போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் இல்லை. மூன்று பேரரசுகள் அதைப் பங்குபோட்டு விழுங்கியிருந்தன. சோசபோவ்ஸ்கி இளைஞர்களின் இரகசியப் படைப் பயிற்சிக் குழுக்களில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் ஆஸ்திரியச் சீருடையில் ரஷ்யர்களை எதிர்த்துப் போரிட்டுக் காயமுற்றார். 1918-இல் போலந்து மீண்டும் பிறந்ததும் அதன் புதிய இராணுவத்துக்கு மாறினார். இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியை அலுவலகப் பணியிலும் போர்க் கல்லூரி விரிவுரையிலும் கழித்தார். அதில் சொல்லும்படியாக அதிகமில்லை.

1939 செப்டம்பரில் ஜெர்மனி படையெடுத்தபோது வார்சாவின் பிள்ளைகள் என்று அழைக்கப்பட்ட 21-ஆவது காலாட்படை ரெஜிமென்ட் அவர் தலைமையில் இருந்தது. விஸ்துலா நதிக்குக் கிழக்கே, தலைநகரின் புறப்பகுதியில் அந்தப் படை ஜெர்மானியர்களை உள்ளே விடாமல் தடுத்தது. நகரம் சரணடைந்த பிறகுதான் அவர் ஆயுதத்தைக் கீழே வைத்தார். சிறை முகாமிலிருந்து தப்பி, தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்து, ஹங்கேரி, ருமேனியா வழியாக பிரான்சுக்குப் போனார். 1940-இல் பிரான்சும் விழுந்தது. எஞ்சிய போலந்து வீரர்களோடு கப்பலேறி பிரிட்டன் வந்து சேர்ந்தார். மனைவியும் மகனும் வார்சாவிலேயே இருந்தார்கள்.

ஸ்காட்லாந்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டது விசித்திரமான ஒரு படை. அதில் அதிகாரிகள் அதிகம், சிப்பாய்கள் குறைவு. நாடு இல்லாத இராணுவத்துக்கு ஆள் எங்கிருந்து கிடைக்கும்? இருப்பவர்களை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தவர் எடுத்த முடிவுதான் வான்குடை. போலந்து கடல் வழியாக எட்ட முடியாத தூரத்தில் இருக்கிறது. நிலவழியில் ஜெர்மனி முழுவதும் குறுக்கே நிற்கிறது. மிச்சம் இருப்பது வானம்.

லார்கோ மாளிகையின் தோட்டத்து மரங்களில் கயிறுகளையும் ஊஞ்சல்களையும் கட்டிப் பயிற்சிக் களம் அமைத்தார்கள். வீரர்கள் அதற்குக் குரங்குத் தோப்பு என்று பெயர் வைத்தார்கள். குதித்துப் பழகப் பக்கத்தில் ஒரு கோபுரமும் எழுந்தது. ஏறத்தாழ 50 வயதில் சோசபோவ்ஸ்கியே விமானத்திலிருந்து குதித்துச் சிறகுச் சின்னம் பெற்றார். தாம் செய்யாததை ஆட்களிடம் கேட்பவர் அல்லர் அவர். கண்டிப்பானவர், எளிதில் சமாதானமாகாதவர் என்றும் பெயர் உண்டு.

1941 செப்டம்பரில் அது முதலாவது சுதந்திர வான்குடை பிரிகேட் ஆனது. சுதந்திர என்ற சொல்லைக் கவனியுங்கள். இது பிரிட்டிஷ் தலைமைக்குக் கீழ்ப்பட்ட படை அல்ல. வார்சாவில் மக்கள் எழுச்சி வெடிக்கும் நாளில் அங்கே குதிப்பது ஒன்றே அதன் நோக்கம். மிகக் குறுகிய வழியில் என்பது படையின் முழக்கவரி. வீட்டுக்குப் போகும் வழியைத்தான் சொன்னார்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த வார்சாவில் பெண்கள் மறைவாகத் தைத்த கொடி ஒன்று எல்லைகளைக் கடந்து கடத்தப்பட்டு, 1944 ஜூனில் ஸ்காட்லாந்தில் அந்த பிரிகேட் கையில் ஒப்படைக்கப்பட்டது.

அதே சமயத்தில்தான் பிரிட்டன் அந்தப் படையைத் தன் தலைமையின்கீழ் கேட்டது. நாடு கடந்து வாழும் போலந்து அரசாங்கத்தால் மறுக்க முடியவில்லை. 1944 ஆகஸ்டு முதல் தேதி வார்சா எழுந்தது. 63 நாள்கள் போராடியது. பிரிகேட் பிரிட்டனில் விமானங்களுக்கு அருகே உட்கார்ந்திருந்தது.

இங்கே உணர்ச்சியை ஒதுக்கிவைத்து ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அனுப்ப மனமிருந்தாலும் அனுப்பியிருக்க முடியுமா என்பது சந்தேகம். அன்றைய போக்குவரத்து விமானங்கள் பிரிட்டனிலிருந்து வார்சா போய்த் திரும்பும் தொலைவுக்கு ஏற்றவை அல்ல. இறங்கிய பின் தோட்டா தீர்ந்தால் யார் கொண்டுவருவது? மூன்று ஆண்டுகளாக ஒரே கனவுக்காகப் பயிற்சி பெற்ற படைக்கு அந்தக் கனவு எட்டாத தூரத்தில் இருந்தது. அந்த எழுச்சியில் சோசபோவ்ஸ்கியின் மகன், ஒரு மருத்துவர், பார்வையை இழந்தார்.

வார்சாவுக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது நெதர்லாந்து.

மார்க்கெட் கார்டன் என்ற திட்டத்தை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மான்ட்கோமரியின் யோசனை அது. ஏறத்தாழ 35,000 வீரர்களை வான்குடையிலும் இயந்திரமில்லாத கிளைடர் விமானங்களிலும் இறக்கி, வரிசையாக உள்ள நதிப் பாலங்களைக் கைப்பற்றுவது. தெற்கிலிருந்து கவச வாகனங்கள் ஒரே ஒரு சாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் முன்னேறி அந்தப் பாலங்களைக் கடந்து ஜெர்மனிக்குள் நுழைவது. கடைசிப் பாலம் ஆர்னெம் நகரில், ரைன் நதியின்மேல்.

திட்டக் கூட்டங்களில் சோசபோவ்ஸ்கி திரும்பத் திரும்ப எழுப்பிய கேள்வி ஒன்றுதான். இந்த வரைபடத்தில் ஜெர்மானியர்கள் எங்கே? இறங்கும் இடங்கள் பாலத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தன. விமானங்கள் போதாததால் படையை ஒரே நாளில் இறக்க முடியாது, மூன்று நாள்களில் பகுதி பகுதியாக இறக்க வேண்டும். முதல் நாளிலேயே எதிரி விழித்துக்கொள்வான் அல்லவா? ஆர்னெம் அருகே இரண்டு எஸ்எஸ் கவசப் பிரிவுகள் ஓய்விலும் சீரமைப்பிலும் இருந்தன. இத்தனை விமானப் பற்றாக்குறையிலும் தளபதி பிரௌனிங் தம் தலைமையகத்தை ஏற்றிச் செல்ல முதல் நாளிலேயே 38 கிளைடர்களை எடுத்துக்கொண்டார். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

செப்டம்பர் 17-ஆம் தேதி தாக்குதல் தொடங்கியது. போலந்து வீரர்கள் 19-ஆம் தேதி குதிக்க வேண்டும். இங்கிலாந்தில் மூடுபனி. ஆனால் அவர்களுடைய கவச வாகன எதிர்ப்புப் பீரங்கிகள் கிளைடர்களில் முன்னதாகவே போய், நதிக்கு வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்த வயல்களில் இறங்கிவிட்டன. பீரங்கி ஒரு கரையில், ஆட்கள் இங்கிலாந்தில்.

21-ஆம் தேதி ஒருவழியாகப் புறப்பட்டார்கள். மோசமான வானிலையால் திரும்பும்படி வழியில் தகவல் போக, மூன்றில் ஒரு பங்கு விமானங்கள் திரும்பிவிட்டன. ஏறத்தாழ 1,000 பேர் மட்டும் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ட்ரியல் என்ற கிராமத்தருகே இறங்கினார்கள். அது நதியின் தெற்குக் கரை. படகுத்துறை ஒன்று இருப்பதாகவும் அதில் ஏறி வடகரையில் சிக்கிய பிரிட்டிஷ் வீரர்களோடு சேரலாம் என்றும் திட்டம். படகு அங்கே இல்லை என்ற செய்தியை அவருக்குச் சொன்னவர் அந்த ஊர்ப் பெண், செஞ்சிலுவைத் தாதியாகப் பணிபுரிந்த கோரா பால்டுசென். வடகரையில் இருந்த போலந்துத் தொடர்பு அதிகாரி ஒருவர் இரவில் ரைன் நதியை நீந்தி வந்து நிலைமையை விளக்கினார். அதற்குள் ஆர்னெம் பாலத்தின் ஒரு முனையைப் பிடித்து வைத்திருந்த பிரிட்டிஷ் பட்டாளம் வீழ்ந்துவிட்டது.

அடுத்த இரவு சின்னஞ்சிறு ரப்பர் படகுகளில் ஏறத்தாழ 50 பேர் கடந்தார்கள். அதற்கடுத்த இரவு ஏறத்தாழ 150 பேர். ஜெர்மானியர்கள் வாணவெளிச்சம் போட்டுச் சுட்டார்கள். வான்குடை வீரன் தோளில் சுமக்கக்கூடியதை மட்டுமே கொண்டு வருகிறான். படகை யாரும் தோளில் கட்டிக்கொண்டு குதிப்பதில்லை.

24-ஆம் தேதி வால்பர்க் என்ற இடத்தில் கூட்டம். கடப்பதானால் ஒரு முழு டிவிஷன் பலத்தோடு, எதிரி குறைவாக உள்ள இடத்தில் கடக்க வேண்டும் என்றார் சோசபோவ்ஸ்கி. யாரும் கேட்கவில்லை. அவருடைய பட்டாளம் ஒன்றையே வேறோர் அதிகாரியின்கீழ் அனுப்ப உத்தரவானது. மறுத்தால் வேறு தளபதி நியமிக்கப்படுவார் என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. அன்றிரவு சிறிய பலத்தோடு நதியைக் கடந்த பிரிட்டிஷ் பட்டாளத்தில் பெரும்பாலானோர் சிறைப்பட்டார்கள். மறுநாள் இரவு வடகரையைக் கைவிட்டுப் பின்வாங்கினார்கள். அங்கே போன ஏறத்தாழ 10,000 பேரில் திரும்பியவர்கள் சுமார் 2,400 பேர்.

இந்த இடத்தில் என் விவாதக் குறிப்பேட்டில் வெற்றி என்று எழுதி அடிக்கோடிட்டேன். வான்குடைப் படை பயனற்றது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அண்ணனிடம் காட்டினேன். அவன் பெரிதாக அசரவில்லை. தோற்றது வான்குடையா, அந்தச் சாலையா என்று திருப்பிக் கேட்டான். எரிச்சலோடு மேலும் தேடினேன்.

நம் வட்டாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. 1942 பிப்ரவரி 14, சிங்கப்பூர் வீழ்வதற்கு முந்தைய நாள். ஜொகூரின் குளுவாங்கிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்களிலிருந்து சில நூறு வீரர்கள் சுமத்ராவின் பலெம்பாங் அருகே குதித்தார்கள். விமானத் தளமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும்தான் அவர்கள் குறி. கடுமையான இழப்புகள். ஆனால் கடல்வழிப் படை உடனே முசி நதி வழியாக மேலேறி வந்துவிட்டது. பலெம்பாங் விழுந்தது. 1971 டிசம்பர் 11-ஆம் தேதி, இன்றைய பங்ளாதேஷில் உள்ள தாங்காயில் அருகே இந்திய வான்குடைப் பட்டாளம் ஒன்று இறங்கி ஒரு பாலத்தைப் பிடித்தது. தரைப்படை ஒரு நாளுக்குள் அவர்களை எட்டியது. ஐந்து நாள்களில் டாக்கா சரணடைந்தது.

மறுபக்கம், 2022 பிப்ரவரி 24. ரஷ்ய வான்குடைப் படையினர் சில நூறு பேர் ஹெலிகாப்டர்களில் வந்து கியவ் நகரின் ஓரத்தில் உள்ள ஹோஸ்டோமெல் விமான நிலையத்தில் இறங்கினார்கள். பின்னால் பெரிய போக்குவரத்து விமானங்களில் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்குவது திட்டம். உக்ரேனியர்கள் எதிர்த்துப் போராடியதில் அந்த விமானங்கள் இறங்கவே இல்லை. தரைவழியே வந்த படை விமான நிலையம்வரை வந்ததே தவிர, கியவுக்குள் போக முடியவில்லை. மார்ச் மாத இறுதியில் பின்வாங்கினார்கள். அந்தப் படையினர் வான்குடையைப் பயன்படுத்தவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மலாயா அவசரகாலத்தில் காட்டு மரங்களின்மேல் குதித்துப் பார்த்த பிரிட்டிஷ் எஸ்ஏஎஸ் வீரர்களின் வேலையையும் பிறகு ஹெலிகாப்டர்களே எடுத்துக்கொண்டன.

ஆக, என் முடிவு மாறியது, ஆனால் முழுவதும் அல்ல. விமான எதிர்ப்பு ஏவுகணைகள் உள்ள எதிரியின் தலைமேல் ஆயிரக்கணக்கானோரைக் கொட்டும் காலம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஏவுகணை எட்டாத இடத்தில், சிறிய எண்ணிக்கையில், யாராவது சீக்கிரம் வந்து சேர்வார்கள் என்ற உறுதி இருந்தால் மட்டும் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது. 2013-இல் பிரெஞ்சுப் படையினர் மாலி நாட்டின் திம்புக்டுவில் குதித்தபோது அப்படித்தான் நடந்தது. தரைப்படையும் அந்த நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆர்னெம் திட்டத்தைப் போட்டவர்களிடம் சோசபோவ்ஸ்கி 1944-இலேயே கேட்டது இதைத்தான். அவருக்கு வான்குடைமேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. அந்த மேசையில் இருந்த மற்ற எவரையும்விட அவருக்கு அதன் எல்லை தெரிந்திருந்தது.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது. போலந்து வீரர்கள் சரியாகப் போரிடவில்லை என்று மான்ட்கோமரி அக்டோபரில் மேலிடத்துக்கு எழுதினார். ட்ரியலில் இறங்கியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டோ காயமுற்றோ காணாமலோ போயிருந்தார்கள். நவம்பரில் பிரௌனிங், சோசபோவ்ஸ்கி ஒத்துழைக்காதவர் என்று குற்றஞ்சாட்டி அவரை நீக்கக் கேட்டார். பிரிட்டனை நம்பியிருந்த போலந்து அரசாங்கம் டிசம்பரில் அவரிடமிருந்து பிரிகேட்டைப் பறித்தது. தோல்விக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. உச்சரிக்கக் கடினமான பெயரும் கடுமையான குணமும் கொண்ட வெளிநாட்டவர் அதற்கு வசதியாக அமைந்தார். இது என் கருத்து. வேறுவிதமாக நினைக்கும் வரலாற்றாசிரியர்களும் இருக்கலாம்.

போர் முடிந்தது. போலந்து கம்யூனிச ஆட்சிக்குள் போனது. அவர் ஊர் திரும்பவில்லை. மனைவியும் பார்வையிழந்த மகனும் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். 1948-இல் இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஜெனரல், லண்டனின் ஆக்டன் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். முதுமைவரை அங்கேதான் வேலை. உடன் வேலை செய்தவர்களுக்கு அவர் வெறும் ஸ்டான். தம் நினைவுகளை எழுதி வெளியிட்டார், ஆனால் பட்டறையில் யாரிடமும் பழம்பெருமை பேசவில்லை.

அவர் 1967 செப்டம்பர் 25-ஆம் தேதி இறந்தார். ஆர்னெமிலிருந்து பின்வாங்கிய இரவுக்குச் சரியாக 23 ஆண்டுகள். இறுதிச் சடங்குக்கு வந்த சக தொழிலாளர்கள், பதக்கங்கள் அணிந்த பழைய வீரர்களைப் பார்த்த பிறகுதான் ஸ்டான் யார் என்று தெரிந்துகொண்டதாகச் சொல்வார்கள்.

1969-இல் அவருடைய உடல் போலந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு வார்சாவின் பொவோன்ஸ்கி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. ட்ரியலில் கோரா பால்டுசென் விடவில்லை. போலந்து வீரர்களுக்கு நியாயம் வேண்டும் என்று பல ஆண்டுகள் குரல் கொடுத்த அவர் 2005-இல் காலமானார். அடுத்த ஆண்டு மே 31-ஆம் தேதி, நெதர்லாந்து அரசி பியாட்ரிக்ஸ், நாட்டின் மிக உயர்ந்த இராணுவ விருதை அந்த பிரிகேட்டுக்கு வழங்கினார். சோசபோவ்ஸ்கிக்கு அவர் இறந்து 39 ஆண்டுகள் கழித்து வெண்கலச் சிங்கம் பதக்கம் வழங்கப்பட்டது.

விவாதத்தில் எங்கள் அணி தோற்றது. பேச்சின் நடுவே நான் எதிரணிக்குச் சாதகமாகத் தாங்காயிலைச் சொல்லிவிட்டேன் என்று குழுத் தலைவருக்கு இன்னும் வருத்தம். அண்ணனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, முதல் தடவை குதித்த அன்று கீழே ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவருகே போனதாகச் சொன்னான். பாட்டிக்குக் கேட்கவில்லை, நல்லவேளை.